பிடித்த ஷாட்டே பொறியாகும்போது: நிலைத்து ஆடும் பேட்ஸ்மேனை வெளியேற்றும் கலை

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம், நாட்டிங்ஹாமின் டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய முதல் டெஸ்டின் ஸ்கோர்கார்டை எடுத்துப் பார்த்தால், ஆஸ்திரேலிய கேப்டன் டொனால்ட் பிராட்மனின் பெயருக்கு எதிரே இரண்டு இன்னிங்ஸ்களிலும் ஒரே குறிப்பு இருப்பதைக் காணலாம்: கேட்ச் ஹட்டன், பந்துவீச்சு பெட்சர். முதல் இன்னிங்ஸில் அவர் 138 ரன்கள் எடுத்திருந்தார். இரண்டாவதில் ரன் ஏதும் எடுக்கவில்லை. அடுத்து லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலும், 38 ரன்களில், அதே பந்துவீச்சாளர், அதே ஃபீல்டர். டெஸ்ட் சராசரி 99.94 என்று முடித்த ஒருவர் தொடர்ந்து மூன்று முறை ஒரே இடத்தில் நின்ற ஒருவரிடம் பிடிகொடுத்தது தற்செயலாக நடந்ததல்ல. இங்கிலாந்தின் அலெக் பெட்சர் லெக் ஸ்டம்பை, அதாவது பேட்ஸ்மேனின் கால் பக்கத்து ஸ்டம்பை, நோக்கி உள்ளே வளையும் பந்துகளை வீசினார். பிராட்மன் அத்தகைய பந்துகளை லெக் சைடில் தட்டிவிட்டு ரன் எடுப்பதில் வல்லவர். அவர் தட்டிவிடும் அந்த வழியிலேயே லென் ஹட்டன் நிறுத்தப்பட்டிருந்தார்.

கடினமான பேட்ஸ்மேனை வெளியேற்றும் உத்திகளைப் பற்றி முதன்முதலாகத் தெரிந்துகொள்ள விரும்புவோர் இந்தக் காட்சியிலிருந்து தொடங்குவது நல்லது. ஏனென்றால், புதிதாக ஆட்டம் பார்ப்பவர்களும், பந்துவீசக் கற்றுக்கொள்ளும் சிறுவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “இவருடைய பலவீனம் என்ன?” சர்வதேச அளவில் ஆயிரக்கணக்கான ரன்கள் குவித்த ஒருவரிடம் வெளிப்படையான பலவீனம் அநேகமாக இருக்காது, இருந்திருந்தால் அவர் அந்த நிலைக்கு வந்திருக்கவே மாட்டார். ஆனால் அவருக்குப் பிடித்த ஷாட் என்று ஒன்று இருக்கும். நெருக்கடியில் கை தானாகப் போகும் ஷாட் அது. ரன் வராமல் தவிக்கும்போது அவர் தேடிப் போகும் ஷாட்டும் அதுதான். அவர் எங்கே ரன் எடுக்க விரும்புகிறார் என்று கேட்பதே சரியான கேள்வி என்பது என் உறுதியான கருத்து. நான் அறிந்தவரை, பெரிய பேட்ஸ்மேன்களுக்கு எதிராக வென்ற திட்டங்களில் பெரும்பாலானவை அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையிலிருந்து பிறந்தவை.

அதற்கு முன் சில அடிப்படைகளைப் பார்த்துவிடுவோம். ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம், அதாவது சுமார் 20 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய அரை விநாடிகூட ஆகாது. அந்த நேரத்துக்குள் பந்தின் லைன் என்ன, லெங்த் என்ன என்று கணித்து, காலை நகர்த்தி, மட்டையைக் கொண்டுவர வேண்டும். லைன் என்பது ஸ்டம்புகளை ஒட்டிப் பந்து இடமா வலமா எந்தக் கோட்டில் வருகிறது என்பது. லெங்த் என்பது பேட்ஸ்மேனுக்கு எவ்வளவு முன்னால் பந்து தரையில் குத்துகிறது என்பது. வேகப்பந்து வீச்சில் ஸ்டம்புகளிலிருந்து சுமார் 6 முதல் 8 மீட்டர் தொலைவில் குத்தும் பந்தைக் குட் லெங்த் என்கிறோம். அதில் என்ன சிறப்பு என்றால், முன்காலை நீட்டி டிரைவ் செய்வதற்கு, அதாவது நேர்மட்டையால் முன்னோக்கி அடிப்பதற்கு, அது போதிய அளவு அருகில் இருக்காது. பின்காலில் சென்று கட் (கால் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெட்டி அடிப்பது) அல்லது புல் (கால் பக்கம் இழுத்து அடிப்பது) ஆடுவதற்குப் போதிய அளவு தொலைவிலும் இருக்காது. முடிவெடுக்க முடியாத அந்த இடைவெளியில்தான் தவறு நேர்கிறது.

மற்றொரு கணக்கும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. மட்டையின் அகலம் அதிகபட்சம் 10.8 சென்டிமீட்டர்தான் இருக்கலாம் என்பது விதி. ஆகவே மட்டையின் நடுவில் படவேண்டிய பந்து, விளிம்பில் படுவதற்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் விலகினால் போதும். ஒரு அடி தூரம் வளைந்து செல்லும் பந்து பார்வையாளர்களைப் பரவசப்படுத்தும். ஆனால் அது மட்டையைத் தாண்டிக் கீப்பரின் கையில் போய் விழும், அவ்வளவுதான். கடைசி நொடியில் மூன்று விரல் அகலத்துக்கு விலகும் பந்துதான் கீப்பருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில் நிற்பவருக்கு வேலை கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத் பந்தைக் காற்றில் வளைக்கும் மாபெரும் ஸ்விங் வீச்சாளர் அல்லர், அதிவேக வீச்சாளரும் அல்லர். ஆயினும் பிரையன் லாராவை டெஸ்ட் போட்டிகளில் 15 முறையும், மைக்கேல் ஆதர்ட்டனை 19 முறையும் அவர் ஆட்டமிழக்கச் செய்தார். லெக் ஸ்டம்புக்கு மறுபக்கம் உள்ள ஆஃப் ஸ்டம்பின் உச்சியை நோக்கி ஓவருக்கு ஆறு பந்துகளையும் வீசி, ஆடுவதா விடுவதா என்ற ஐயத்தைப் பேட்ஸ்மேனின் மனத்தில் அணையாமல் வைத்திருந்ததே அவருடைய பெரும் பலம்.

இனி, பேட்ஸ்மேனின் விருப்பத்தையே பொறியாக்குவது எப்படி என்பதற்கு வருவோம். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய 2005ஆம் ஆண்டு ஆஷஸ் டெஸ்ட் தொடருக்கு முன், ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட் ஏழாவது இடத்தில் இறங்கி ஆட்டத்தையே புரட்டிப்போடும் இடக்கை ஆட்டக்காரராக உலகெங்கும் அஞ்சப்பட்டார். வலக்கை வேகப்பந்து வீச்சாளர் ஓவர் த விக்கெட் முறையில், அதாவது தன் பந்துவீசும் கை ஸ்டம்புகளை ஒட்டி இருக்கும்படி ஓடிவந்து வீசினால், பந்து இடக்கை ஆட்டக்காரரின் உடலைவிட்டு விலகிச் செல்லும் கோணத்தில் போகும். அது அவருக்குக் கையை வீச இடம் கொடுக்கும். கில்கிறிஸ்ட்டுக்கு வேண்டியதும் அந்த இடம்தான். கட் ஷாட்டும் டிரைவும் அங்கிருந்தே பிறந்தன. இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் ஸ்டம்புகளின் மறுபக்கத்துக்கு மாறி, ரவுண்ட் த விக்கெட் முறையில் வீசினார். இப்போது பந்து கில்கிறிஸ்ட்டின் உடலை நோக்கி வந்தது. ஆடாமல் விட முடியாது, கையை வீசவும் இடமில்லை. உள்ளே வருவதுபோல வந்து குத்தியபின் நேராகவோ சற்று வெளியேயோ செல்லும் பந்து மட்டையின் விளிம்பைத் தேடியது. ஐந்து டெஸ்டுகள் கொண்ட அந்தத் தொடரில் கில்கிறிஸ்ட் ஒரு அரைசதம்கூட அடிக்கவில்லை. பந்தின் வேகமோ தரமோ மட்டும் இதைச் செய்துவிடவில்லை. ஓடிவரும் பக்கத்தை மாற்றியதால் அவருடைய விருப்பமான ஷாட்டுக்குத் தேவையான இடமே இல்லாமல் போயிற்று.

இதை நான் ஒருமுறை மிக அருகில் பார்த்தேன். வார இறுதியில் பந்துவீசப் பழகும் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், இடக்கைப் பையனிடம் கட் ஷாட் போகும் பாயின்ட் திசையில் அடுத்தடுத்து இரண்டு பவுண்டரிகள் வாங்கியதும், கோபத்தில் பவுன்சர் வீசப்போகிறேன் என்றான். அவனைத் தனியே அழைத்து, “அடுத்த பந்தில் பந்தைப் பார்க்காதே தம்பி, அவனுடைய பின்காலைப் பார்” என்றேன். பந்து கையைவிட்டுப் புறப்படும் முன்பே அந்தக் கால் பின்னோக்கிப் போய், கட் ஆடத் தயாராகிக்கொண்டிருந்தது. சிறுவன் புரிந்துகொண்டான். பக்கம் மாறி, அதே வேகத்தில், நேராக ஸ்டம்பை நோக்கி வீசினான். முதல் பந்து மட்டைக்கும் கால்காப்புக்கும் இடையே சிக்கி நின்றது. அடுத்த பந்தையும் கட் செய்யப் போன அந்தப் பையனின் மட்டையின் அடிவிளிம்பில் பட்டு லெக் ஸ்டம்ப் சாய்ந்தது. புதிய பந்து எதையும் அவன் கற்றுக்கொள்ளவில்லை. எதிரே நிற்பவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்பதை மட்டும் கற்றுக்கொண்டான்.

ஃபீல்டிங் வியூகம் பந்துவீச்சின் மறுபாதி. ஃபீல்டர் இல்லாத இடத்தில் விழும் விளிம்புப் பந்து நான்கு ரன்கள். அங்கே ஒருவர் நின்றால் அது விக்கெட். இதற்கு நாம் விரிவாகப் பார்க்கவேண்டிய எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித். 2019 ஆஷஸ் தொடரில் நான்கு டெஸ்டுகளில் மட்டும் ஆடி 774 ரன்கள் குவித்தவர் அவர். பந்து வீசப்படும் தருணத்தில் ஆஃப் ஸ்டம்பை நோக்கி நகர்ந்து, கண்களை அந்த ஸ்டம்பின் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்துவிடுவார். இதனால் அவருக்கு இரண்டு நன்மைகள். தன் கண்ணுக்கு வெளியே செல்லும் பந்து ஸ்டம்பைத் தாக்காது என்பது உறுதியாகத் தெரிவதால் அதை விட்டுவிடலாம். கண்ணுக்கு உள்ளே வரும் பந்து எல்லாவற்றையும் லெக் சைடில் திருப்பி ரன் சேர்க்கலாம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பொறுமையாக வீசி அவரை வீழ்த்த நினைத்த வீச்சாளர்கள் களைத்துப்போனதற்கும், பொறுமை இழந்து ஸ்டம்பை நோக்கி வீசியவர்கள் ரன்களை வாரிக் கொடுத்ததற்கும் இதுவே காரணம்.

2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் தொடர் ஆடத் தொடங்கிய இந்திய அணி, பிறர் தவிர்க்க நினைத்த இடத்துக்கே வேண்டுமென்றே பந்தை அனுப்பியது. ஸ்டம்புகளை நோக்கி, காலை ஒட்டி வீசு. ஆனால் லெக் சைடில் கதவைச் சாத்திவிட்டு வீசு. லெக் ஸ்லிப், ஷார்ட் லெக், ஸ்குவேர் லெக், மிட்விக்கெட் என்று ஸ்மித் பந்தைத் திருப்பும் திசைகளில் ஆட்களை நிறுத்தினார்கள். இங்கே ஒரு விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்: பந்து வீசப்படும்போது, லெக் சைடில், பேட்ஸ்மேன் நிற்கும் கிரீஸ் என்னும் கோட்டுக்குப் பின்புறம் கீப்பரைத் தவிர்த்து இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. 1932-33ஆம் ஆண்டுத் தொடரில் இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டினின் தலைமையில் ஹரால்டு லார்வுட்டும் பில் வோஸும் பிராட்மனின் உடலைக் குறிவைத்து வீச, லெக் சைடில் ஃபீல்டர்களைக் குவித்து நிறுத்திய பாடிலைன் முறை பெரும் கசப்பை உண்டாக்கியது; பிற்காலத்தில் வந்த இந்தக் கட்டுப்பாடு அத்தகைய வியூகத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. ஆகவே இன்றைய கேப்டன் அந்த இரண்டு இடங்களை மிகுந்த யோசனையோடு செலவழிக்க வேண்டும்.

அடிலெய்டில் நடந்த முதல் டெஸ்டில், சென்னையைச் சேர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வினின் பந்தைத் திரும்பும் என்று எதிர்பார்த்து ஸ்மித் ஆடினார். அது திரும்பாமல் நேராகச் சென்று விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் நின்ற ரஹானேவிடம் போனது. எடுத்த ரன் 1. மெல்போர்னில் அதே அஸ்வின், இம்முறை காலை நோக்கித் திரும்பிய பந்து. ஸ்மித் வழக்கம்போல லெக் சைடில் திருப்ப, அங்கே நெருக்கமாக நின்றிருந்த புஜாராவின் கையில் அது விழுந்தது. ரன் ஏதுமில்லை. அதே டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் அவர் ஆஃப் ஸ்டம்பை நோக்கி நகர்ந்தபோது, பும்ராவின் பந்து அவருடைய கால்களுக்குப் பின்னால் புகுந்து ஸ்டம்பைத் தொட்டுச் சென்றது, ரன் 8. இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரு முனை விளிம்பு, மறு முனை லெக் சைடு கேட்ச், மூன்றாவது கால்களுக்குப் பின்னால் போல்டு. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: நகர்ந்து வந்து லெக் சைடில் திருப்புவது என்ற அவருடைய மிகப் பெரிய பலம். அதற்கு ஓராண்டுக்கு முன் நியூசிலாந்தின் நீல் வாக்னர் வேறொரு வழியில் இதே கதவைத் தட்டியிருந்தார். அவர் வேகத்தில் முன்னணியில் இருந்தவர் அல்லர். ஆனால் ஓவர் மாற்றி ஓவர் முன்னதாகவே குத்தி விலாவை நோக்கி எழும் குட்டைப் பந்துகளை வீசி, ஸ்மித்தைத் தொடர்ந்து நான்கு இன்னிங்ஸ்களில் வெளியேற்றினார்.

ஆட்டமிழக்கச் செய்யும் பந்துக்கு முந்தைய பந்துகள் என்ன செய்கின்றன என்பதை இப்போது பார்க்கலாம். பந்து உள்ளே வந்துகொண்டிருந்தால், ஸ்டம்பைத் தாக்கவேண்டிய பந்து காலில் பட்டு எல்பிடபிள்யூ ஆகிவிடுவோமோ என்ற அச்சத்தில் பேட்ஸ்மேன் மட்டையைக் காலுக்கு முன்னால் கொண்டுவரப் பழகுகிறார். முன்கால் மெல்ல மெல்ல ஒரே இடத்தில் ஊன்றத் தொடங்கும். அந்தப் பழக்கம் கால்களில் படிந்த பிறகு, அதே ஓட்டம், அதே கை அசைவு, அதே லெங்த் ஆகியவற்றோடு வெளியே செல்லும் பந்து ஒன்று வந்தால், மனம் கண்டுபிடித்தாலும் கால் கேட்பதில்லை. 2005 ஆகஸ்டில் எட்ஜ்பாஸ்டனில் ஃபிளின்டாஃப் ஒரே ஓவரில் ஆஸ்திரேலியாவின் லாங்கரைப் போல்டு ஆக்கிவிட்டு, அடுத்து வந்த ரிக்கி பான்டிங்கை உள்ளே வரும் பந்துகளால் திணறடித்தார். ஓவரின் கடைசிப் பந்து வெளியே விலகி, விளிம்பில் பட்டு, கீப்பர் ஜெரைன்ட் ஜோன்ஸிடம் போனது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் ரன் ஏதும் எடுக்காமல் வெளியேறினார். இங்கிலாந்து அந்த டெஸ்டை வென்றது வெறும் 2 ரன்கள் வித்தியாசத்தில்.

வேகத்தை மாற்றுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2018 மெல்போர்ன் டெஸ்டில், உணவு இடைவேளைக்கு முந்தைய கடைசிப் பந்தில், வேகமாகவே வீசிக்கொண்டிருந்த பும்ரா காலடியில் குத்தும் மிக மெதுவான யார்க்கர் ஒன்றை வீசி ஷான் மார்ஷை எல்பிடபிள்யூ ஆக்கினார். மட்டை முன்னதாகவே வந்துவிட்டது. பந்து பின்னால் வந்து சேர்ந்தது.

ரன் வரும் வழியை முற்றாக அடைத்துவிட்டுப் பொறுமை இழக்கும்வரை காத்திருக்கும் உத்தியும் உண்டு. அதன் மிகத் தீவிரமான வடிவத்தை 2001 டிசம்பரில் பெங்களூரு கண்டது. இங்கிலாந்து கேப்டன் நாசர் ஹுசைன், இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஆஷ்லி கைல்ஸை ஓவர் த விக்கெட் முறையில், சச்சின் டெண்டுல்கரின் லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தும்படி வீசச் சொன்னார். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தும் பந்தில் எல்பிடபிள்யூ கொடுக்க விதி இடம் தராது என்பதால், சச்சின் கால்காப்பால் தடுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் ரன்களும் வரவில்லை. ஓவர்கள் நகர்ந்தன. 90 ரன்களில் இருந்தபோது முன்னேறி வந்து ஆட முயன்றார். பந்து மட்டையைத் தாண்டியது. ஜேம்ஸ் ஃபாஸ்டர் ஸ்டம்பைத் தட்டினார். டெஸ்ட் வாழ்க்கையில் சச்சின் ஸ்டம்பிங் முறையில் ஆட்டமிழந்தது அதுவே முதல்முறை. விதிக்கு உட்பட்டதாயினும் இந்த முறையில் எனக்கு மனம் ஒப்பவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பெட்சரின் பொறியில் பந்து ஸ்டம்பை நோக்கி வந்தது, பேட்ஸ்மேனுக்கு ரன் எடுக்கும் வாய்ப்பும் இருந்தது. அவருடைய விருப்பத்தோடு வீச்சாளர் சூதாடினார். இங்கே சூதாட்டம் ஒருபக்கத்துக்கு மட்டுமே. ஆயினும், ஒருவருடைய ரன் எடுக்கும் ஆசை எவ்வளவு வலிமையானது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இவ்வளவுக்கும் பேட்ஸ்மேன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. 2003-04ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தொடரில், முதல் மூன்று டெஸ்டுகளின் ஐந்து இன்னிங்ஸ்களில் மொத்தம் 82 ரன்களே எடுத்திருந்த சச்சின், சிட்னியில், ஆஃப் பக்கம் அடிக்கும் தன் கவர் டிரைவைத் தானே பூட்டிவைத்தார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வீசிய வீச்சாளர்கள் அந்த ஷாட்டுக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் 436 பந்துகளைச் சந்தித்து 241 ரன்களோடு ஆட்டமிழக்காமல் திரும்பினார். விருப்பத்தைப் பொறியாக்கும் உத்திக்கு, விருப்பத்தையே துறப்பதுதான் மறுமொழி. ஸ்மித்தும் 2021 ஜனவரியில் சிட்னிக்கு வந்தபோது, அஸ்வினைத் தொடக்கத்திலிருந்தே தாக்கி ஆடி 131 ரன்களும், இரண்டாவது இன்னிங்ஸில் 81 ரன்களும் எடுத்தார். ஒரு திட்டம் எத்தனை நாள் செல்லும் என்பதை அடுத்த டெஸ்டுக்குள் எதிராளி தீர்மானித்துவிடக்கூடும்.

திட்டம் சரியாக இருந்தும் விக்கெட் கிடைக்காமல் போவதும் உண்டு என்பதைப் புதியவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். 2014ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விராட் கோலி பத்து இன்னிங்ஸ்களில் 134 ரன்கள் மட்டுமே எடுத்தார்; ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே, டிரைவ் ஆடத் தூண்டும் இடத்தில் பந்தை வெளியே வளைத்து, ஜேம்ஸ் ஆண்டர்சன் அவரை நான்கு முறை வெளியேற்றினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் கோலி மீண்டும் அங்கே சென்றபோது, பந்து வளைவதற்கு முன்பே சந்திப்பதற்காகக் கிரீஸுக்கு வெளியே நின்றார். மட்டையை உடலுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டார். எட்ஜ்பாஸ்டனில் நடந்த முதல் டெஸ்டில் ஆண்டர்சன் பழைய இடத்திலேயே, பழைய பொறுமையோடு வீசினார். 21 ரன்களில் இருந்த கோலியின் மட்டை விளிம்பை அவருடைய பந்து தொட்டது. அது ஸ்லிப்பில் நின்ற டேவிட் மலானின் கைக்குப் போய், நழுவித் தரையில் விழுந்தது. கோலி அந்த இன்னிங்ஸில் 149 ரன்களும், தொடர் முழுவதிலும் 593 ரன்களும் எடுத்தார். ஆண்டர்சனால் அந்தத் தொடரில் அவரை ஒருமுறைகூட ஆட்டமிழக்கச் செய்ய முடியவில்லை.